பிறந்த பிள்ளையின் கை அசையவில்லை: முதல் மூன்று மாதத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

கை அசையாமல் பிறந்த குழந்தைக்கு நாள் கணக்கு உண்டு என்பதை என் மகன் பிறந்த வாரத்திலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். "தானாகச் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர். எந்த நாளுக்குள் சரியாக வேண்டும், ஆகாவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்று அன்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடிப் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கும், பிறகு கோலாலம்பூருக்கும் கைக்குழந்தையோடு அலைந்தேன். பினாங்கிலோ கெடாவிலோ இன்று ஒரு தாய் இதே கவலையோடு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் எனக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். சோற்றைக் குறைத்து, சொன்னபடி இரத்தம் சோதித்து, கட்டுக்குள்தான் வைத்திருந்தேன். பிள்ளை கொஞ்சம் பெரியதாக இருக்கிறது, ஆனால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை என்றார் மருத்துவர். தனியார் மருத்துவமனை. தேதி நெருங்கியதும் மருந்து வைத்து வலி வரவழைத்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் வலி. கடைசியில் நான் களைத்துவிட்டேன் என்று வாக்குவம் வைத்து, அதாவது பிள்ளையின் தலையில் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சு கருவியை வைத்து, இழுத்தார்கள். தலை வந்தது. அதற்குப் பிறகு அறையில் இருந்த அத்தனை பேருடைய குரலும் மாறியது. தாதிகள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் என் கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்து அழுத்தினார்கள், ஒருவர் அடிவயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து முழுப் பலத்தோடு தள்ளினார். பிள்ளையின் தோள் என் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் பிள்ளை அழவில்லை என்பதும், பிறகு அழுதான் என்பதும்தான். எடை 4.2 கிலோ.

மறுநாள் துணி மாற்றும்போது பார்த்தேன். இடது கை மார்பின் மேல் மடங்கிக் கிடந்தது, எந்தக் குழந்தைக்கும் இருப்பதுபோல. வலது கை தோளிலிருந்தே உள்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு, மணிக்கட்டு மடங்கி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி உடம்பை ஒட்டிக் கிடந்தது. என் சுண்டுவிரலை அந்த உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் பற்றின. முழங்கை மட்டும் மடங்கவே இல்லை. மருத்துவர் வந்து பார்த்து, "பிரசவத்தில் நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கிறது, சில வாரத்தில் சரியாகிவிடும்" என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். கை அசையவில்லை என்று தெரிந்தால் மருத்துவமனையை விட்டு வெளியேறுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். காரை எலும்பும் மேல்கை எலும்பும் முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்களா? முறிவிலும் குழந்தை கையை அசைக்காது, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மூச்சு சீராக இருக்கிறதா? நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் கழுத்திலிருந்துதான் கிளம்புகிறது, அதுவும் சேர்ந்து அடிபட்டிருக்கலாம். அந்தப் பக்கத்துக் கண் இமை தாழ்ந்து, கண்மணி சிறுத்து இருக்கிறதா? இருந்தால் காயம் கடுமையானது, காத்திருக்கும் பேச்சே கூடாது. இவற்றையெல்லாம் பார்த்ததாக எழுதி, மருத்துவர் கையெழுத்துப் போட்ட தாளும், உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் இரண்டு கையும் தெரிகிற மாதிரி ஒரு காணொளி எடுத்து வையுங்கள். பிறகு வாரத்துக்கு ஒன்று எடுங்கள். எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது "பிறந்தபோது எப்படி இருந்தது?" என்பதைத்தான். அழுது களைத்த பிள்ளை அவர் முன்னால் கையை அசைத்துக் காட்டப்போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு போராட்டம். என் மாமியார் பிள்ளையைப் பார்த்ததும், "உரம் விழுந்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்டினால் கை வந்துவிடும்" என்றார். பட்டர்வொர்த்துக்கு அடுத்த பிறை என்ற ஊரில் உரம் எடுக்கிற பாட்டி ஒருவரையும் விசாரித்து வைத்துவிட்டார். அவருக்குப் பேரன் மேல் இருந்த பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கழுத்தில் நரம்பு இழுபட்டிருக்கிற பிள்ளையைச் சேலையில் உருட்டவோ, கையைப் பிடித்து நீவி இழுக்கவோ கூடாது. அந்த இழுப்புதான் காயத்துக்கே காரணம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பிறகு உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அவரையும் அழைத்துப் போனேன். அங்கே இருந்த சிகிச்சையாளர் தமிழ்ப் பெண். நரம்பு எங்கே இருக்கிறது என்று என் மாமியாரின் கழுத்திலேயே விரல் வைத்துக் காட்டி, "இந்த இடத்தில் அடிபட்டிருக்கிறது அம்மா, மறுபடி இழுத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். அத்தோடு சேலைப் பேச்சு நின்றது. அன்றிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார், என்னைவிடப் பத்திரமாகச் செய்தார். வீட்டுப் பெரியவர்களோடு வாதம் செய்து களைத்துப்போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அவர்களையும் சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.

அந்தச் சிகிச்சையாளர் சொல்லித் தந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. தலைக்கும் பிட்டத்துக்கும் கீழே கை கொடுத்து, அந்தக் கையை மார்போடு சேர்த்து ஏந்த வேண்டும். பால் கொடுக்கும்போது கை பின்னால் தொங்கவோ உடம்புக்கு அடியில் நசுங்கவோ விடக் கூடாது. அந்தக் கையில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம் என்பதால் குளிக்கும் நீரின் சூட்டைக் கவனிக்க வேண்டும். பல் முளைத்த பிறகு சில பிள்ளைகள் வலி தெரியாமல் தங்கள் விரலையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. இந்தப் பிள்ளைகள் அடிபட்ட பக்கத்துக்கு எதிர்ப்புறமே தலையைத் திருப்பிப் படுப்பார்கள், அதனால் கழுத்து இறுகித் தலையும் ஒரு பக்கம் தட்டையாகும். தொட்டிலை எந்தப் பக்கம் போடுவது, எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவது என்பதுகூடச் சிகிச்சைதான்.

இந்தச் சிகிச்சையாளரிடம் என்னை அனுப்பியது பிள்ளை பெற்ற மருத்துவமனை இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசுச் சுகாதார கிளினிக்கின் தாதி. மலாய்க்காரப் பெண், நடுத்தர வயது. பிள்ளையைப் பாயில் கிடத்தி, தலையை இலேசாகத் தூக்கிச் சட்டென்று தளர விட்டார். திடுக்கிட்டு இடது கை விரிந்து மேலே எழுந்தது. வலது கை இருந்த இடத்திலேயே கிடந்தது. மறுபடி ஒரு முறை செய்து பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாமல் பையிலிருந்து தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் தாதியின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அன்றிரவு அழுத அழுகையை என் கணவர் பார்க்கவில்லை, பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்தார்.

தாதி எழுதிய அந்தப் பரிந்துரைக் கடிதத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. தனியார் மருத்துவர் எழுதிய கடிதத்தோடு அரசு மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் போனால் முதல் வருகைக்கு 30 ரிங்கிட் கட்ட வேண்டும். அரசு கிளினிக்கின் கடிதத்தோடு போனால் அந்த 30 ரிங்கிட் இல்லை, அதன் பிறகு வருகைக்கு 5 ரிங்கிட்தான். பணத்தைவிட முக்கியம், அந்தக் கடிதம் வந்ததும் பிள்ளையின் பெயர் அரசு மருத்துவமனைப் பதிவில் ஏறிவிடுகிறது. பின்னால் வேறு ஊருக்குப் பரிந்துரை வேண்டும் என்றாலும் வழி சுலபம்.

இனிக் காரணம். பிள்ளைக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்காமல் எந்தத் தாயாலும் இருக்க முடியாது. எனக்கு வந்த பதில்கள் பல வகை. கிரகணத்தன்று வெளியே போனாயா என்று ஒரு சித்தி. நிறையச் சாப்பிட்டுப் பிள்ளையைக் கொழுக்க வைத்துவிட்டாய் என்று ஓர் அக்கா. அறுவை செய்திருக்கலாமே, சுகப்பிரசவத்துக்கு ஏன் ஆசைப்பட்டாய் என்று இன்னொருவர். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் இதையெல்லாம் பெற்றவளிடம் கேட்கக் கூடாது. பால் கட்டி, தையல் வலித்து, தூக்கம் இல்லாமல் இருக்கிறவளின் நெஞ்சில் அது அப்படியே தங்கிவிடும்.

அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டுப் பின்னிப் பிணைந்து தோளுக்கும் கைக்கும் போகின்றன. தலை வெளியே வந்த பின் தோள் மாட்டிக்கொண்டால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அந்தப் பின்னல் இழுபடுகிறது. மேலே இருக்கும் இரண்டு வேர்கள் அடிபட்டால் தோளும் முழங்கையும் செயல்படாது, விரல்கள் வேலை செய்யும். இதற்கு எர்ப் வாதம் என்று பெயர். 1874 இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் எர்பின் பெயர் அது. ஐந்து வேர்களும் அடிபட்டால் கை முழுவதுமே தளர்ந்துவிடும். அடிபட்டதிலும் வகைகள் உண்டு. வெறுமனே இழுபட்ட நரம்பு சில வாரத்தில் விழித்துக்கொள்ளும். உள்ளிழைகள் அறுந்திருந்தால் திரும்ப வளர வேண்டும், அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், கழுத்திலிருந்து கைத் தசையை எட்ட மாதங்கள் ஆகும். முழுவதும் கிழிந்திருந்தாலோ தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருந்தாலோ தானாக ஒட்டாது.

தோள் மாட்டிக்கொள்வதற்கு இனிப்பு நீர், பெரிய குழந்தை, நீண்ட பிரசவ வலி, வாக்குவம் போன்ற கருவிகள், முன்பு ஒருமுறை அப்படி நடந்திருப்பது எல்லாம் வாய்ப்பைக் கூட்டும் என்றார். ஆனால் தோள் மாட்டிய பிரசவங்களில் கிட்டத்தட்டப் பாதி, 4 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் நடக்கிறது. யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. அறுவைப் பிரசவத்திலும் அபூர்வமாக இந்தக் காயம் வருவதுண்டு. இதைக் கேட்ட அன்றுதான் சித்தியும் அக்காவும் சொன்னது என் மனத்திலிருந்து இறங்கியது.

அதற்காகப் பிரசவ அறையில் நடந்ததைக் கேட்காமல் விடச் சொல்லவில்லை. கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். மருத்துவ அறிக்கை வேண்டும் என்று பிள்ளை பெற்ற மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து, கட்டணமும் கட்டினேன். பல வாரம் இழுத்தடித்து அரைப் பக்கத் தாள் ஒன்று வந்தது. "வாக்குவம் உதவியுடன் பிரசவம், தாயும் சேயும் நலம்." அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. மறுபடி போனேன், இந்த முறை கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு. தலை வந்ததற்கும் உடல் வந்ததற்கும் நடுவே எத்தனை நிமிடம்? எந்தத் தோள் முன்னால் இருந்தது? தோளை விடுவிக்க எந்த முறைகளை, எந்த வரிசையில் செய்தார்கள்? வாக்குவம் எத்தனை தடவை வைத்தார்கள்? அறையில் யார் யார் இருந்தார்கள்? குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவுத் தாள் எங்கே? இவை எல்லாம் குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை. எனக்குக் கிடைத்த விடைகளில் கால்களை மடக்கியதும் வயிற்றை அழுத்தியதும் இருந்தன, நிமிடக் கணக்கு இல்லை. வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் அந்தத் தாள்களைக் காட்டினேன். செய்த முறைகள் சரியானவை, எழுதி வைத்தது போதாது என்றார். என் கேள்வி முழுவதும் தீரவில்லை. ஆனால் யாரோ ஒருவர் நேர்மையாகப் பதில் சொன்னார் என்ற நிம்மதி கிடைத்தது.

வழக்குத் தொடுப்பதா இல்லையா என்பது ஒவ்வொரு குடும்பமும் எடுக்க வேண்டிய முடிவு. நாங்கள் தொடுக்கவில்லை. ஆனால் காலக்கெடு தெரிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனை மேல் என்றால் 1948 ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். தனியார் என்றால் 1953 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், பொதுவாக ஆறு ஆண்டு. பிள்ளையின் பெயரில் தொடுப்பதற்கு, பிள்ளை சட்டப்படி வயதுவந்தவராகும்வரை கணக்குத் தொடங்காத சலுகையும் அந்தச் சட்டத்தில் உண்டு. அரசு மருத்துவமனைக்கு அந்தச் சலுகையை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பிள்ளையின் முதல் பிறந்த நாளுக்குள் வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டுவிடுங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன.

பணம் போன கதைக்கு வருகிறேன். அரசு மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு இடைவெளி விட்டுத்தான் தேதி கிடைத்தது. பொறுக்க முடியாமல் தனியாரிடமும் போனோம், ஒரு முறைக்கு 130 ரிங்கிட். அங்கே தசைக்கு மின்தூண்டல் கொடுத்தால் நரம்பு சீக்கிரம் வளரும் என்று 1,800 ரிங்கிட்டுக்கு ஒரு தொகுப்பு விற்றார்கள். பிள்ளை ஒவ்வொரு முறையும் அலறினான். இன்னொரு இடத்தில் நரம்புச் சோதனைக்கு 900 ரிங்கிட். நரம்பு நன்றாக இருப்பதாக முடிவு வந்தது, கை மட்டும் அசையவில்லை. கைக்குழந்தைகளுக்கு அந்தச் சோதனை உண்மையைவிட நல்ல செய்தியையே காட்டிவிடுவதுண்டு, கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பின்னால் அறுவை மருத்துவர் சொன்னார். மருத்துவக் காப்புறுதிக்கு விண்ணப்பித்தோம், முன்பே இருந்த கோளாறு என்று கைக்கு மட்டும் விலக்குப் போட்டுத் திருப்பினார்கள். நான் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சட்டப்படி 98 நாள் பிரசவ விடுப்பு, அதற்கு மேல் சம்பளமில்லாத விடுப்பு, அதற்கும் மேல் விலகல் கடிதம். என் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமலே முதல் ஆண்டில் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் போய்விட்டது. நகை இரண்டு அடகுக்குப் போயின.

உண்மையில் அந்த மாதங்களில் வேலை செய்தது காசில்லாத பயிற்சிதான். ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் முழங்கையை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும், முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். முதல் வாரம் பத்து நாள் கையைச் சும்மா விட்டுவிட்டு, அப்புறம் சிகிச்சையாளர் செய்து காட்டிய பிறகே தொடங்க வேண்டும். நரம்பு வளர்வதை இது வேகப்படுத்தாது. நரம்பு வந்து சேரும்வரை மூட்டு இறுகாமல் காக்கும். வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியைத் தவறவிட்டால் தோள் மூட்டே உருக்குலைந்து பின்பக்கம் நழுவத் தொடங்கும். என் மகனுக்கு அல்ட்ராசவுண்டில் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உங்கள் மருத்துவர் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இப்போது நாள் கணக்கு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கை திரும்புகிறது, அது உண்மை. ஆனால் 20 முதல் 30 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு குறை மிஞ்சுகிறது. யார் எந்தக் கூட்டம் என்று தெரிய மருத்துவர்கள் பார்க்கும் முக்கியமான அடையாளம், மூன்றாம் மாதத்தில் முழங்கை மடங்குகிறதா என்பது. படுத்திருக்கும்போது இழுத்துக்கொள்வது போதாது, எடையை எதிர்த்துக் கையை வாய்ப்பக்கம் தூக்க வேண்டும். மூன்று மாதத்திலும் அது இல்லையென்றால், நரம்பு அறுவை செய்கிற மருத்துவர் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும். பார்ப்பது என்றால் உடனே கத்தி வைப்பது என்று பொருளில்லை. சிலருக்கு இன்னும் சில மாதம் கவனித்து முடிவு செய்வார்கள். கை முழுவதும் தளர்ந்த பிள்ளைகளுக்கு மூன்று மாதம்கூடக் காத்திருக்க மாட்டார்கள். அறுவை தேவைப்பட்டால் மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதத்துக்குள் செய்வதே வழக்கம். அதிகம் தள்ளிப்போட்டால் நரம்பில்லாமல் கிடந்த தசை கெட்டுவிடும், பிறகு நரம்பு வந்தும் பயனில்லை.

என் மகனுக்கு மூன்று மாதம் முடிந்தும் முழங்கை மடங்கவில்லை. "ஒரு வயது வரை பார்ப்போம்" என்றார் அப்போது பணியில் இருந்த இளம் மருத்துவர். வார வாரம் எடுத்த காணொளிகளை வரிசையாகப் போட்டுக் காட்டினேன். முதல் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் வித்தியாசம் இல்லை என்பது யாருக்கும் தெரிந்தது. அவர் மேலதிகாரியை அழைத்து வந்தார், கோலாலம்பூருக்குப் பரிந்துரை எழுதினார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் கோலாலம்பூர் மருத்துவமனையிலும் கைக்கும் நுண்ணறுவைக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. எங்கே அனுப்பினாலும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே கைக்குழந்தைகளுக்கு இந்த நரம்பு அறுவை செய்கிறார்களா? பெரியவர்களின் கையைப் பார்க்கிறவர் எல்லோரும் இதைச் செய்வதில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல். கைக்குழந்தைக்கு பஸ்ஸைவிட அது எவ்வளவோ மேல், எழுந்து நடக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் தங்கினால் நிலையத்துக்குப் பக்கம், நம் சாப்பாடும் கிடைக்கும். அறுவை ஆறாம் மாதத்தில் நடந்தது. கழுத்தில் தழும்பு கட்டிப்போயிருந்த நரம்புப் பகுதியை வெட்டி எடுத்து, கெண்டைக்காலிலிருந்து எடுத்த நரம்பை இடையில் வைத்துத் தைத்தார்கள். காலுக்கு என்ன ஆகும் என்று பயந்தேன். பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் உணர்ச்சி குறையும், நடப்பதற்குக் குறை இல்லை என்றார்கள். இன்று ஓடுகிறான். அறுவைக்குப் பின் சில வாரம் கையை மார்போடு கட்டி வைத்திருந்தார்கள். அதன் பிறகு பல மாதம் எதுவுமே தெரியாது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், அது பெரிய உதவி. அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் இடிந்துபோயிருப்போம். ஒரு வயது தாண்டிய பிறகு, தரையில் உட்கார்ந்து பிஸ்கட்டை எடுத்தவன் அந்தக் கையாலேயே வாய்க்குக் கொண்டுபோனான். முழங்கை தோள் உயரத்துக்கு எழும்பி, கொம்பு ஊதுகிறவர் கையைப் போல நின்றது. பாதி பிஸ்கட் உடைந்து கழுத்துக்குள் விழுந்தது. என் மாமியார் பூஜையறைக்கு ஓடினார்.

மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கணவர் கையைப் பற்றிய பேச்சையே எடுக்க மாட்டார், கேட்டால் எழுந்து போய்விடுவார். அவருக்கும் தாங்க முடியவில்லை என்பதைப் பின்னால் புரிந்துகொண்டேன், அந்த மாதங்களில் நான் தனியாகத்தான் இருந்தேன். ஃபெர்ரியில் பிள்ளையோடு நிற்கும்போது கடலைப் பார்க்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்ட நாட்கள் உண்டு. கிளினிக் தாதியிடம் அதைச் சொன்னேன். அவர் அதைச் சாதாரண அழுகையாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் அனுப்பினார், சிகிச்சை எடுத்தேன். அப்படி ஓர் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. எனக்குப் பெரிய துணையாக இருந்தவர் சிகிச்சைக் கூடத்தின் காத்திருப்பு நாற்காலியில் சந்தித்த சுங்கைப் பட்டாணிக்காரப் பெண். அவருடைய மகளுக்கு இடது கை, என் மகனைவிட ஒரு வயது மூத்தவள். அடுத்து என்ன வரும் என்று அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

மாற்றுத்திறனாளி அட்டை எடுக்க எங்கள் வீட்டில் நீண்ட தயக்கம். பிள்ளைக்கு இப்படியொரு பெயர் எதற்கு என்றார் என் அம்மா. குறை நிலைக்கும் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு எடுத்தோம். விண்ணப்பப் படிவத்தில் மருத்துவர் கையெழுத்திட, சமூகநல இலாகாவில் பதிவு செய்தோம். அந்த அட்டையால் அரசு மருத்துவமனைக் கட்டணம் விலக்கப்படுகிறது. வருமான வரியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான கழிவு 2025 வரி ஆண்டிலிருந்து 8,000 ரிங்கிட், அதற்கு முன் 6,000. இலாகா நடத்தும் சமூக மறுவாழ்வு மையங்களிலும் பயிற்சிக்குச் சேர்க்கலாம். அட்டை என் பணப்பையில் இருக்கிறது, மகனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கை வேகமான கை, இன்னொரு கை மெதுவான கை என்பதுதான்.

இப்போது மகனுக்கு மூன்று வயது. கையைத் தலைக்கு மேல் முழுவதும் தூக்க வரவில்லை, உள்ளங்கையை மேலே திருப்ப வரவில்லை. தட்டைப் பிடிப்பான், சைக்கிள் பிடியைப் பிடிப்பான். தோளை வெளிப்பக்கம் திருப்புவதற்குத் தசையை இடம் மாற்றி வைக்கும் அறுவை பயன்படுமா என்று அடுத்த சந்திப்பில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு நான் எழுதி வைத்திருக்கும் கேள்விகள் இவை: தோள் மூட்டின் வடிவம் இப்போது எப்படி இருக்கிறது, அறுவைக்குப் பின் எத்தனை வாரம் கட்டு, பாலர் பள்ளியை ஓர் ஆண்டு தள்ளிப்போட வேண்டியிருக்குமா, கையை உள்பக்கம் திருப்பும் திறன் குறைந்தால் சட்டைப் பொத்தான் போட முடியுமா. இன்னொரு பிள்ளை உண்டானால் முதல் நாளே கிளினிக்கில் காட்டுவதற்கு, தோள் மாட்டிக்கொண்ட பிரசவம் என்று எழுதிய தாளையும் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஒருமுறை நடந்தவர்களுக்கு மறுபடி நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், எப்படிப் பெறுவது என்பதை மருத்துவரோடு முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும்.